பள்ளிக்குச் செல்லும் பாதை: தூத்துக்குடிப் பள்ளிகளின் சுற்றுப்புறம் கூறும் வரலாறு

ஒரு பள்ளியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் அடிக்கல்லிலிருந்தே தொடங்குவர். எந்த ஆண்டில் கட்டடம் எழுந்தது, எவர் பொருளுதவி புரிந்தார், எத்தனை தலைமையாசிரியர்கள் பணியாற்றினர் என்பன போன்ற செய்திகள் வரிசையாக வரும். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் நம் சமுதாயத்தாரைப் பொறுத்தவரை பள்ளியின் வரலாறு அடிக்கல்லிலிருந்து தொடங்குவதன்று. பள்ளிக்குச் செல்லும் தெருவிலிருந்து தொடங்குவதாகும். பள்ளியின் கதவு திறந்திருந்தும், அதற்குச் செல்லும் தெரு அடைபட்டிருப்பின், அப்பள்ளி நமக்கு அடைபட்ட பள்ளியே.

இது வெறும் உவமையன்று. சென்னை மாகாணத்தில் பொதுப் பணத்தில் நடந்த பள்ளிகள் பல, அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டிய இடங்களிலும் ஊர்ச் சாவடிகளிலும் அமைந்திருந்தன. அங்கெல்லாம் நம் பிள்ளைகள் கால் வைக்க இயலாது. ஆகவே, சட்டப்படி அனைவருக்கும் உரிய பள்ளி, இருப்பிடத்தினால் சிலர்க்கே உரியதாயிற்று. 1919-ஆம் ஆண்டில், பஞ்சமர் என அந்நாளில் அழைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்க மறுக்கலாகாது என்றும், அவர்கள் வந்தடைய இயலாத இடங்களில் உள்ள பள்ளிகளை வேறிடத்திற்கு மாற்ற வேண்டும் என்றும் அரசு வலியுறுத்த நேர்ந்தது. பள்ளிக்கூடத்தை இடம் பெயர்க்காமல் கல்வியைத் திறக்க முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், பள்ளிகளைப் பற்றியன்றி, பள்ளிகளைச் சூழ்ந்த தெருக்களைப் பற்றி நாம் எழுத முற்பட்டது இக்காரணம் பற்றியே. இதற்கு எடுத்துக்காட்டாக, வேம்பாரிலிருந்து நம் இளைஞர்கள் மேற்படிப்பிற்கும் பிழைப்பிற்கும் நாடிச் செல்லும் தூத்துக்குடி நகரைக் கொள்வோம்.

வேம்பாரும் தூத்துக்குடியும்

முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்ற கடற்கரையில் பரதவர் பெருமக்களின் ஏழு துறைகள் வரலாற்றில் முதன்மையானவை. அவற்றுள் வடகோடியில் நிற்பது நம் வேம்பார். வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு ஆகியனவும் அவ்வேழினுள் அடங்கும். வேம்பாரின் எதிரே கடலில் நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி ஆகிய தீவுகள் உள்ளன. நிலப்பக்கத்தில் விளாத்திகுளம் வட்டத்தின் கரிசல் மண் விரிந்து கிடக்கிறது. ஒருபுறம் கடல், மறுபுறம் கரிசல். இவ்விரண்டின் விளைச்சலும் சென்று சேர்ந்த இடம் தூத்துக்குடி. முத்தும் சங்கும் பஞ்சும் உப்பும் அந்நகரை வளர்த்தன. அவற்றோடு சென்ற உழைப்பாளர் கூட்டமும் அந்நகரை வளர்த்தது. முன்னவற்றின் பெயர்கள் அந்நகரத்துத் தெருக்களில் உள்ளன. பின்னவரின் பெயர்கள் இல்லை.

தூத்துக்குடியில் பழம்பெருமை வாய்ந்த உயர்நிலைப் பள்ளிகளாகக் கால்டுவெல் பள்ளியும் புனித சவேரியார் பள்ளியும் விளங்கி வந்துள்ளன. இன்று அவை மேல்நிலைப் பள்ளிகளாக வளர்ந்துள்ளன. 1872-இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரனார் இவ்விரு பள்ளிகளிலும் பயின்றவர். பழைய துறைமுகத்தையும் பெருந்தெருக்களையும் சார்ந்த இப்பகுதியைச் சுற்றி நடந்து பார்ப்போர்க்கு நானூறு ஆண்டு வரலாறு கண்ணில் படும். பனிமய மாதா ஆலயம் 1713-இல் எழுந்தது; 1982-இல் பேராலயம் என்ற தகுதி பெற்றது. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1750-இல் கட்டிய தேவாலயம் பின்னர் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1825-இல் நகரே முடிவாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இவ்வாறு ஆண்டோர் மாறி மாறி வந்த கதையைக் கட்டடங்கள் கூறும். உழைத்தோர் கதையைக் கூறக் கட்டடம் இல்லை. அதனை நாம்தான் தேடிப் படித்தல் வேண்டும்.

நீக்கப்பட்ட பக்கங்கள்

முதற்கண் பள்ளியின் பெயரையே ஆராய்வோம். இராபர்ட்டு கால்டுவெல் 1814-இல் பிறந்தவர், நெடுங்காலம் இடையன்குடியில் இறைப்பணியும் தமிழ்ப்பணியும் ஆற்றியவர், 1880-களில் தூத்துக்குடிக்கு வந்து தங்கியவர், 1891-இல் மறைந்தவர். அவர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அறியாத தமிழறிஞர் இலர். 1881-இல் அவர் எழுதிய திருநெல்வேலி வரலாறும் சிறப்புடையது. கொற்கைக்கும் காயலுக்கும் தாமே சென்று, மண்ணை அகழ்ந்து பார்த்துப் பழந்துறைமுகங்களின் இருப்பிடத்தை ஆராய்ந்தவர் அவர். தாம் வாழும் ஊரின் சுற்றுப்புறத்தைக் கால்நடையாகச் சென்று படிப்பது எவ்வாறு என்பதற்கு அவருடைய முயற்சி ஒரு நல்ல முன்மாதிரி.

அவர் எழுதியவை அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. அவருடைய தொடக்ககால நூலொன்று ஒரு சமுதாயத்தாரை இழிவாகச் சித்திரித்ததென்று கடுங்கண்டனத்திற்கு உள்ளானது. ஆயினும், நம் இளைஞர்கள் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு 1875-இல் வெளிவந்தபோது, தென்னிந்தியப் பறையர் திராவிடரா என்னும் வினாவை எழுப்பி, அதனை விரிவாக ஆராய்ந்த பகுதி ஒன்று பின்னிணைப்பில் இடம்பெற்றிருந்தது. நம் மக்களை இந்நாட்டிற்குப் புறம்பானவர் என்று கூறுவாரை மறுத்து, அவர்களும் திராவிடரே என்னும் முடிவிற்கு அவர் வந்தார்.

அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றபின், 1913-இல் மூன்றாம் பதிப்பு வேறு பதிப்பாசிரியர்களால் வெளியிடப்பட்டது. அப்பதிப்பில் அப்பகுதி நீக்கப்பட்டிருந்தது. அதன்பின் நூலைக் கற்ற தலைமுறைகள் பலவும் அந்த மூன்றாம் பதிப்பையே கற்றன. மொழியின் உறவைப் பற்றிய இயல்கள் எல்லார்க்கும் கிடைத்தன. நம்மைப் பற்றிய பக்கங்கள் மட்டும் கிடைக்கவில்லை. 2008-இல் கவிதாசரண் பதிப்பகம் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பை மீண்டும் முழுமையாக வெளியிட்ட பின்னரே அப்பக்கங்கள் பலர் கைக்கு வந்தன. இடையில் சென்ற காலம் 95 ஆண்டுகள்.

இச்செய்தியை நாம் இங்கே எடுத்துக் கூறுவது எவரையும் பழித்தற்பொருட்டன்று. ஒரு நூலிலிருந்து பக்கங்கள் நீங்குவது போலவே ஒரு நகரிலிருந்தும் பக்கங்கள் நீங்கும் என்பதை உணர்த்தவே கூறினோம். நூலில் நீங்கியதை மீட்கப் பழைய பதிப்பு ஒன்று இருந்தது. தெருவில் நீங்கியதை மீட்கப் பழைய பதிப்பு எங்கே உள்ளது? அது முதியோர் நினைவிலும், பதிவேடுகளிலும், தொழில்களின் அமைப்பிலும் சிதறிக் கிடக்கிறது. அதனை மூன்று இடங்களில் தேடிப் பார்ப்போம்.

கடற்கரை

பள்ளிப் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பழைய துறைமுகம். முத்தின் புகழ் இங்கே பேசப்படுவது இயல்பு. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க வணிகக் கையேடாகிய பெரிப்ளூசு, கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகிறது. முத்தின் ஒளியைப் பற்றி நாம் பெருமிதம் கொள்கிறோம். அதே கையேடு அதே இடத்தில், அம்முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகிறது. அணிந்தவர் கழுத்தில் ஒளிர்ந்த முத்து, விருப்பமின்றி மூழ்கியவர் கையால் எடுக்கப்பட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கொடிய மீன்களைக் கட்டுவிப்பதாக மந்திரம் ஓதுவோர்க்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதை எழுதி வைத்தார். பிற்காலத்தில் அரசு நடத்திய முத்துக்குளிப்பில் அரசுக்கு இரண்டு பங்கும், மூழ்கியோர்க்கு ஒரு பங்கும் என்பது முறையாக இருந்தது. 1961-ஆம் ஆண்டோடு இங்கு அம்முறையான முத்துக்குளிப்பு நின்றது. 1973-இல் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்து உருவாக்கும் ஆய்வு வெற்றி கண்டது.

முத்துக்குளித்தல் பரதவர் முதலிய கடல்சார் மக்களின் அரிய தொழில். அப்பெருமை அவர்களுக்கே உரியது. அதனை நாம் பங்கிட்டுக் கொள்ள முயலவேண்டியதில்லை. நம் மக்கள் கால்தடம் பதிந்த கடற்கரை வேறொன்று. அது கொழும்புக் கப்பலுக்குச் செல்லும் வழி.

1876-இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. இங்கிருந்து கொழும்பிற்கு நீராவிக் கப்பல் சென்றது. கரையோரக் கடல் ஆழமற்றது ஆதலால், பெருங்கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் தோணிகளில் ஏறிச் சென்று கப்பலை அடைய வேண்டும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமாரால் அழைத்துச் செல்லப்பட்ட தமிழ்க் கூலிகளில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து அவர்கள் சென்றனர். பலர் இராமேசுவரம், மன்னார் வழியாக நடந்து சென்றனர். பலர் இத்தூத்துக்குடித் துறையிலிருந்து கப்பலேறினர். 1914-இல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இணைப்பு ஏற்பட்டபின் அவ்வழியே முதன்மை பெற்றது.

அவர்கள் கையில் இருந்தது கடன்; மடியில் இருந்தது ஊர்மண். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்திற்குத் தொழிலாளியையும் அவன் கடனையும் சேர்த்து மாற்றுவதற்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு முறை இருந்தது. அம்முறை 1921-இல்தான் ஒழிக்கப்பட்டது. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றபின் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால், அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவர்களில் பெருந்தொகையினர் தமிழகம் திரும்பினர். கரையில் நிற்கும் நம் மாணவன் கடலைப் பார்த்து முத்தை மட்டும் நினைப்பானாயின், அவன் பாதி வரலாற்றையே படித்தவனாவான்.

பஞ்சுத் தெருவும் ஆலையும்

கடற்கரையிலிருந்து நகருக்குள் நுழையும் பெருந்தெருவிற்குக் கிரேட் காட்டன் சாலை என்று பெயர். பஞ்சின் பெயரால் ஒரு தெரு அமைவதென்றால், எத்துணைப் பஞ்சு அவ்வழியே சென்றிருக்கும்! 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தபோது, அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. திருநெல்வேலிப் பஞ்சு தூத்துக்குடி வழியாகப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. அங்கே கறுப்பின அடிமைகளின் விடுதலைக்கான போர். இங்கே அதன் விளைவாய்ப் பஞ்சு வணிகர் கண்ட செழிப்பு. பஞ்சை விளைவித்த கரிசல் காடுகளில் குனிந்து பருத்தி எடுத்த பெண்களுள் நம் பாட்டிமார் எத்தனையோ பேர். விளாத்திகுளம், கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம் பகுதிகளில் இன்றும் பருத்தி எடுப்போர் யாரென்று நாம் அறிவோம். தெருவின் பெயரில் பஞ்சு இருக்கிறது. பஞ்சை எடுத்த விரல் இல்லை.

1888-இல் ஆர்வி சகோதரர்கள் இந்நகரில் கோரல் நூற்பாலையை நிறுவினர். இருபது ஆண்டுகள் சென்றன. 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் அவ்வாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இதே நகரத்துப் பள்ளிகளில் பயின்று வழக்கறிஞராகி, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வ.உ.சி.யும், சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானவை. நிருவாகம் இறங்கி வந்தது. தொழிலாளர் வெற்றி பெற்றனர். மார்ச்சு 12-இல் தலைவர்கள் கைது செய்யப்பட்டதும் மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது.

இப்போராட்டத்தில் நாம் உற்று நோக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்நாளில் தூத்துக்குடியில் வெள்ளையர் பக்கம் நின்றோர்க்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தனர். சலவைத் தொழிலாளர் துணி வெளுக்க மறுத்தனர். சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டு, ஏவியதைச் செய்வதே கடமை என்று பழக்கப்படுத்தப்பட்ட மக்கள், ‘செய்யமாட்டோம்’ என்று கூறிய நாள் அது. கப்பல் ஓட்டிய தமிழரை நாடு போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். அவருக்காகக் கத்தியையும் கல்லையும் கீழே வைத்த கைகளையும் வரலாறு போற்றுதல் வேண்டும்.

நகரைச் சுற்றியுள்ள உப்பளங்களையும் இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. இந்திய நாட்டில் உப்பு விளைவிப்பதில் குசராத்திற்கு அடுத்த நிலையில் தமிழகம் உள்ளது. அதில் தூத்துக்குடியின் பங்கு மிகப் பெரிது. வெயிலில் ஒளிரும் வெண்மையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்குவதும், கரிப்பு நீரில் நின்று நின்று கால் வெடிப்பதும் பாத்தியில் இறங்கும் தொழிலாளர்க்கு வழக்கம். இராசம் கிருஷ்ணன் அவர்கள் அம்மக்களிடையே பழகி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ என்னும் புதினத்தை நம் சங்க நூலகத்திலிருந்து இளைஞர்கள் எடுத்துப் படித்தல் நன்று.

தெருவும் தண்ணீரும்

இனி, நாம் தொடக்கத்தில் கூறிய தெருவிற்குத் திரும்புவோம். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்துவதற்கு எவரும் தடை செய்யலாகாது என்பது அதன் கருத்து. தீர்மானம் நிறைவேறியது, அதே ஆண்டில் அரசாணையும் பிறந்தது. சாலையில் நடப்பதற்கு ஒரு மனித இனம் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர நேர்ந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கலாம். ஆனால் நிகழ்ந்தது அதுவே. அவ்வாணை இல்லையேல் எத்துணைச் சிறந்த பள்ளியும் நமக்குக் காட்சிப் பொருளாகவே இருந்திருக்கும்.

மூன்றாண்டுகள் கழித்து, 1927-இல், தூத்துக்குடியின் குடிநீர்ப் பஞ்சம் தீர்ந்தது. நகரசபைத் தலைவராக விளங்கிய இராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் வல்லநாட்டிலிருந்து தாமிரவருணி நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுவந்தார். பரதவர் குலத்துப் பெருமகனாகிய அவரை இந்நகரம் சிலை வைத்துப் போற்றுவது முற்றும் தகும். கிணற்றுக்கு உடையவர் உண்டு. உடையவருக்குச் சாதி உண்டு. ஆற்றுநீர் குழாயில் வரும்போது அதற்குச் சாதி ஏது? 1924-ஆம் ஆண்டு ஆணை கிணற்றைத் தாளில் திறந்தது. 1927-ஆம் ஆண்டுக் குழாய் தண்ணீரைத் தெருவிற்குக் கொணர்ந்தது. சட்டமும் பொறியும் சேர்ந்தால்தான் உரிமை ஒரு குடம் நீராகக் கைக்கு வரும்.

ஆயினும், குழாய் எந்தத் தெருவரை வந்தது என்பது மற்றொரு வினா. இவ்வினாவை ஒவ்வோர் ஊரிலும் நம் இளைஞர்கள் கேட்டறிதல் வேண்டும். முதற்குழாய் எங்கே நின்றது? நம் தெருவிற்கு எந்த ஆண்டில் வந்தது? மின்விளக்கு எப்போது வந்தது? கல்பாவிய பாதை எப்போது வந்தது? இவற்றின் விடைகளை ஆண்டு வரிசையில் எழுதினால், அதுவே நம் ஊரின் மெய்யான வரலாறாகும்.

பிற ஊர்ப் பள்ளிகள்

தூத்துக்குடிப் பள்ளிகள் எல்லார்க்குமாக எழுந்தவை. நமக்கென்றே எழுந்த பள்ளிகளின் சுற்றுப்புறமும் அறியத்தக்கது. 1894-இல் கர்னல் ஆல்காட்டு, சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1898-இல் அவருடைய துணையோடு அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார் என்பதும் நாம் அறிந்ததே. ஆல்காட்டு பள்ளி தொடங்கியபோது ஊரூர் நகருக்குப் புறத்தே மீனவரும் கூலிகளும் வாழ்ந்த கடற்கரைச் சிற்றூர். 1970-களில் வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகள் எழுந்து, பெசன்ட் நகர் என்னும் செல்வர் வாழும் பகுதி அங்கே உருவாயிற்று. நகரம் பள்ளியைத் தேடி வந்தது. பள்ளியோ தான் தொடங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கே இன்றும் கல்வி அளித்து வருகிறது. 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். நந்தன் நுழைய முடியாத கோயில் நின்ற அதே ஊரில் நந்தன் பெயரில் பள்ளி எழுந்தது என்பதே ஒரு பெரும் பாடம். பள்ளி எங்கே நிற்கிறது என்பதும் ஒரு சொல். சில வேளைகளில் அது பாடநூலை விட உரக்கப் பேசும்.

இன்றைய பாதை

இவையெல்லாம் பழங்கதை, இன்று பாதை திறந்துவிட்டது என்று எண்ணி அமைதி கொள்வோமாயின் அது பேதைமையாகும். அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டின் அருகமைந்த பள்ளியைப் பிள்ளையின் உரிமையாக்கியது. அச்சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தொலைவையும் வகுத்தன. ஆயினும் 2023 ஆகஸ்டில், அண்டை மாவட்டமாகிய திருநெல்வேலியின் நாங்குநேரியில், நன்கு படித்த ஒரு மாணவர் உடன்பயின்றோராலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். காக்க வந்த தங்கையும் வெட்டுண்டார். 2025 மார்ச்சில், நம் மாவட்டத்தின் திருவைகுண்டம் பகுதியில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு மாணவர் வழியில் கீழே இழுக்கப்பட்டுத் தாக்கப்பட்டார், விரல்கள் வெட்டுண்டன. எழுதுகோல் பிடிக்கும் விரல்கள் அவை. பள்ளி கண்ட தூரம் ஒரு கிலோமீட்டராயினும், சாதி கண்ட தூரம் இன்னும் அளந்து முடியவில்லை.

அரசும் வாளா இருக்கவில்லை. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் நீதியரசர் சந்துரு அவர்கள் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2024-இல் அதன் அறிக்கை வந்தது. மணிக்கட்டில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிச் சொல் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். ‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025-இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தெருவின் பெயர் மாறுவது நன்றே. தெருவைப் பார்க்கும் கண்ணும் மாற வேண்டும்.

இளைஞர்க்குச் சில சொற்கள்

நம் இளைஞர்கள் செய்யத்தக்க பணி ஒன்றை இம்மலரின் வாயிலாக முன்வைக்கிறோம். ஒவ்வொருவரும் தாம் பயின்ற பள்ளியை நடுவாக வைத்துச் சுற்றியுள்ள தெருக்களின் படம் ஒன்றை வரைதல் வேண்டும். தெருப் பெயர், பழைய பெயர், குளம், கிணறு, சுடுகாட்டுப் பாதை, ஆலயம், களம் ஆகிய யாவும் அதில் இடம்பெற வேண்டும். கிராம நிருவாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்த்தால் நிலத்தின் வகை தெரியும். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892 முதல் நம் மக்களுக்கு நிபந்தனையுடன் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எங்கெங்கே உள்ளன, இன்று யார் கையில் உள்ளன என்பதையும் அப்பதிவேடுகளின் துணைகொண்டு தேடலாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் நம் தெருவிலிருந்து முதன்முதற் சேர்ந்த மாணவர் யார், முதன்முதற் சேர்ந்த மாணவி யார் என்று காண்பதும் அரிய ஆராய்ச்சியே.

இவற்றினும் விரைந்து செய்யவேண்டியது முதியோரைக் கேட்டறிதல். ஏடு காத்திருக்கும், முதியோர் காத்திருக்கமாட்டார். எந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்து நடந்தோம், எந்தக் கடையில் தனிக் குவளை இருந்தது, எந்த ஆசிரியர் நம் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தினார் என்பனவற்றை அவர்களே கூற இயலும். கொடுமையை மட்டுமன்றி, கைகொடுத்தோர் பெயரையும் மறவாது எழுதுதல் வேண்டும். பரதவரும் நாடாரும் இசுலாமியரும் பிறரும் நம்மோடு வாழும் இக்கரையில், யார் எப்போது கதவைத் திறந்தனர் என்பதும் வரலாறே. பகை வளர்க்க அன்று. பதிவு முழுமை பெற.

ஒரு நூலின் நீக்கப்பட்ட பக்கங்கள் மீண்டுவர 95 ஆண்டுகள் ஆயின. நம் ஊரின் பக்கங்கள் மீள அத்துணைக் காலம் ஆக விடலாகாது. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிவரை கொண்டுசென்று விடும் பணியைச் செய்தது. இனிவரும் ஆண்டுகளில், பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டு பள்ளிக்குச் சென்ற பாதையை எழுதும் பணியை அப்பிள்ளைகள் செய்வாராக. அப்பாதையில் முதலில் நடந்தவர் பட்ட துன்பம் அப்போது வீண்போகாது. பின்னால் நடப்பவர்க்கு அதுவே வெளிச்சமாகும்.